பக்கத்துப் படுக்கைக்காரருக்கான டெஸ்ட், அப்பாவின் பில்லில்

சில மாதங்களுக்கு முன் அப்பாவை ஒரு சின்ன மருத்துவமனையின் ஐசியுவிலிருந்து வேறொரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றினோம். சேர்த்த அன்றைக்கே நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டு, நீளமான பஞ்சுக் குச்சியால் முதலில் மூக்கிலும் அப்புறம் ஆசனவாயிலும் ஸ்வாப் எடுத்தார். அப்பாவுக்கு 72 வயது. கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருக்கான்னு பார்க்கணும் ஐயா, வேற ஆஸ்பத்திரியில இருந்து வர்ற எல்லாருக்கும் எடுப்போம்" என்றார் நர்ஸ்.

செய்ய வேண்டிய காரியம்தான். இந்தக் கிருமிகள் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். சுமப்பவருக்குக் காய்ச்சல்கூட வராது. ஆனால் கழுவாத ஒரு கை வழியாகப் பக்கத்துப் படுக்கையில் ஆபரேஷன் முடிந்து கிடப்பவரிடம் போய்விடும்.

மூன்றாம் நாள் கல்ச்சர் ரிசல்ட் (ஸ்வாபில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) வந்தது: பாசிட்டிவ். அதுவரை அப்பா ஆறு பேர் படுத்திருந்த வார்டில்தான் இருந்தார். உடனே தனி அறைக்கு மாற்றினார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்தால் கல்ச்சருக்குக் காசு, தனி அறை வாடகை, உள்ளே வந்த ஒவ்வொருவரும் போட்டுக் கழற்றிய கவுனுக்கும் கையுறைக்கும் காசு. கவுன், கையுறைக்கெல்லாம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டது.

இதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த டெஸ்டால் அப்பாவின் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறவில்லை. கிருமி குடியிருக்கிறதே தவிர நோய் இல்லை, அதனால் மருந்து கிடையாது என்று டாக்டரே சொன்னார். அப்படியென்றால் அந்தச் செலவு மற்ற ஐந்து பேருக்காக. அதை ஏன் ஒரு குடும்பத்தின் தலையில் கட்ட வேண்டும்? தரை துடைப்பதற்கு யாராவது தனியாகப் பில் போடுகிறார்களா? எங்களுக்கு எதிரில் இருந்த குடும்பம் செலவைக் கேட்டதும் "எங்களுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

எல்லோருக்கும் எடுத்துத் தள்ள வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் எம்ஆர்எஸ்ஏ என்ற, பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத கிருமிக்காக 2009இல் திட்டமிட்டு அட்மிட் ஆகிறவர்களுக்கும், 2010 கடைசியில் அவசரமாக வருபவர்களுக்கும் டெஸ்டைக் கட்டாயமாக்கினார்கள். செலவுக்கேற்ற பலன் இல்லை என்று ஆய்வில் தெரிந்ததும், 2014இல் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்று பின்வாங்கினார்கள். நெதர்லாந்தில் வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்துவிட்டு வருபவர், பன்றிப் பண்ணையில் வேலை செய்பவர் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அப்படி வெளிநாட்டு மருத்துவமனையிலிருந்து வருபவரை ரிசல்ட் வரும்வரை தனி அறையில்தான் வைப்பார்கள். அந்த இரண்டு நாள்தான் இங்கே கோட்டை விடுகிறோம். சில மணி நேரத்தில் சொல்லிவிடும் பிசிஆர் இருக்கிறது, ஆனால் கல்ச்சரைவிட விலை மிக அதிகம்.

வலுவான ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கவைக்கும் என்டிஎம்-1 என்ற என்சைம் பற்றி 2010இல் வந்து உலகையே பேசவைத்த ஆய்வுக் கட்டுரையில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. இந்த என்சைம் உள்ள கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால், பல நேரம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் கொலிஸ்டின் போன்ற பழைய மருந்தைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. அப்போது வரும் ஐசியு பில்லோடு பார்த்தால் ஸ்வாப் செலவு ஒன்றுமே இல்லை. தொற்றுத் தடுப்புக்கென்று மருத்துவமனை ஒதுக்கும் பணத்திலிருந்தே அந்தச் செலவு போகட்டும். அரசும் இன்சூரன்ஸும் அதில் பங்கு போடட்டும்.

அப்பாவைத் தனி அறைக்கு மாற்றிய அன்று, பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் என்னிடம் வந்து, "ஏன் சார் மாத்துறாங்க, எங்கப்பாவுக்கும் அந்த டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்டார். எடுக்கச் சொன்னேன். எவ்வளவு ஆகும் என்றுதான் அடுத்துக் கேட்டார்.