‘மிருகம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு குழந்தை வீட்டில் அடிபட்டது என்று செய்தி வந்தால், அன்று மாலைக்குள் காப்பிக் கடையில் தீர்ப்பு எழுதியாகிவிடும். குடிகாரன், மிருகம், தூக்கில் போட வேண்டும். எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. அவனை மிருகமாக்கிவிட்டால், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒரு கேள்வியும் மிஞ்சுவதில்லை.

1962இல் டென்வர் மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் சக மருத்துவர்களும் குழந்தைகளின் எலும்பு முறிவுகளுக்குப் பின்னால் பெற்றோரின் கைகள் இருப்பதை எழுதினார்கள். அப்போது பலரும் காரணத்தை மனக்கோளாறில் தேடினார்கள். பின்னர் பார்த்தால், கடுமையான மனநோய் உள்ளவர்கள் அடிக்கும் பெற்றோரில் ஒரு சிறு பகுதியினர்தான். மற்றவர்கள் நம்மைப் போல வேலைக்குப் போய் வருகிறவர்கள்.

வன்முறை பார்த்துக் கற்பது என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் அதே போல அடித்ததை 1961இல் காட்டினார். நமக்கு இது புதிதா? தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ரோத்தான் பிரம்பு சுவரில் தொங்கியது. ‘அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள்.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபட்டு வளர்ந்தவன் அடிப்பான் என்று தலையெழுத்துப் போலப் பேசுகிறோம், அது கொடுமை. உளவியலாளர்கள் கௌஃப்மனும் ஸிக்லரும் 1987இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடமே அது தொடர்கிறது என்று மதிப்பிட்டார்கள். பெரும்பான்மையோர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்திய தாய்மார்களை பைரன் எகிலண்ட் குழுவினர் ஆராய்ந்தபோது, சிறு வயதில் அன்பு காட்டிய ஒரு பெரியவர், மனநல சிகிச்சை, ஆதரவான துணை ஆகியவை அவர்கள் வாழ்வில் கூடுதலாக இருந்தன. அந்த ஒரு பெரியவர் பாட்டியாகவும் இருக்கலாம், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகவும் இருக்கலாம்.

உளவியலாளர் ஜோயல் மில்னர் சொல்வது எனக்கு அன்றாடம் காதில் விழுகிறது. அடிக்கும் அபாயத்தில் இருக்கும் பெற்றோர் குழந்தையின் அழுகையைத் திமிராகப் படிக்கிறார்கள். ‘வேண்டுமென்றே என்னைச் சோதிக்கிறான்’ என்பார்கள், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பற்றி. இரவு ஷிப்ட் முடித்து வந்து, கடன்காரன் போனுக்குப் பதில் சொல்லி, தூங்காத ஒருவரிடம் இந்த எண்ணம் இன்னும் வேகமாக எழும்.

உளவியலாளர் ஜேம்ஸ் கார்பரினோவின் ஆய்வுதான் என்னை அதிகம் உலுக்கியது. வருமானம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இரண்டு குடியிருப்புகளில் ஒன்றில் குழந்தைகள் அதிகம் வதைபடுகிறார்கள், இன்னொன்றில் குறைவு. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் உதவும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு தெரிந்தது. நம் கதையும் இதில் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன தாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தன் பிள்ளையை விட்டுச் சென்றாள். தோட்டங்கள் விற்கப்பட்டு, மக்கள் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தபோது அந்தக் கொட்டகை அவர்களோடு வரவில்லை. லயம் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு அடித்த சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்டும் யாரும் கதவைத் தட்டாத இரவுகள் அங்கும் உண்டு. ‘வீட்டு விஷயம்’ என்ற அந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டோம்.

பாலியல் கொடுமைக்கு வேறு கணக்கு. அதற்குக் களைப்போ வறுமையோ காரணமாகாது. சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கெல்ஹோர் 1984இல் நான்கு படிகளைச் சொன்னார்: ஆசை, மனத்தடையை மீறுதல், சுற்றியிருப்போரின் காவலை மீறுதல், பிள்ளையின் எதிர்ப்பை மீறுதல். மூன்றாவது படியில் நிற்பது நாம். மாமா, சித்தப்பா என்று மரியாதைக்காக அங்கிருந்து விலகி நிற்கிறோம்.

மலேசியாவின் 2001 சிறார் சட்டம் மருத்துவர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோர் தகவல் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, சிறாரை வதைப்பதற்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. தண்டனை வேண்டும்தான், ஆனால் அது அடி விழுந்த பின்னர் வருவது.

கோயில் நிர்வாகத்தினரிடம் என் கோரிக்கை இது: திருமணம் இல்லாத நாட்களில் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. பள்ளி விட்டதிலிருந்து தாய்மார்கள் வேலை முடித்துத் திரும்பும் வரை அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். சம்பளம் கொடுத்து இரண்டு ஆயாக்களை வையுங்கள். வாசலில் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.