சிப்பியின் அளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

சிப்பி, மட்டி பற்றிய பேச்சு வந்தாலே இரண்டு நம்பிக்கைகள் கூடவே வந்துவிடுகின்றன. ஓடு பெரிதாக இருந்தால் வயது அதிகம் என்பது ஒன்று. ஓரிடத்தில் சிப்பிகள் நிறைய இருந்தால் அந்த நீர்நிலை நன்றாக இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் நம்ப முடியாது. இரண்டாவதை நம்பி முடிவெடுத்தால் ஓர் இனமே கண்ணெதிரே அழிந்துபோகும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வயது. 2006-ல் ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடியிலிருந்து பருவநிலை ஆய்வுக்காக எடுக்கப்பட்ட மட்டிகளில் ஒன்றுதான் 'மிங்'. இனத்தின் பெயர் ஆர்க்டிகா இஸ்லாண்டிகா. தொடக்கத்தில் அதற்கு 400 வயதுக்குச் சற்று மேல் என்றார்கள். 2013-ல் ஓட்டில் ஆண்டுக்கொன்றாக விழும் கோடுகளை மறுபடி எண்ணி, மற்ற ஓடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது 507 என்று வந்தது. 1499-ல் பிறந்த உயிர். ஓட்டின் நீளம் வெறும் 87 மில்லிமீட்டர். ராட்சதச் சிப்பியோ ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், எடை 200 கிலோவுக்கு மேலும் போகும். ஆனால் அதன் ஆயுள் சுமார் 100 ஆண்டுதான். அட்லாண்டிக் கரையோரக் கழிகளில் வாழும், ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பியின் ஓர் இனம் மளமளவென்று வளர்ந்து, இரண்டு வயதுக்குள் செத்தும் போகிறது.

'உலகின் மிக வயதான உயிரை விஞ்ஞானிகளே கொன்றுவிட்டார்கள்' என்று அப்போது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகள் வந்தன. அந்தக் கோபம் திசை தவறியது என்றே நினைக்கிறேன். அந்த ஆய்வுக்காக உயிரோடு எடுக்கப்பட்டவை சில நூறு மட்டிகள்தான். அதே இனத்தை அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைக்கு அப்பால் 1970-களிலிருந்து, நீரைப் பீய்ச்சி மணலைக் கிளறும் இழுவைக் கருவிகளால் டன் டன்னாக அள்ளுகிறார்கள். அதில் எத்தனை மட்டிகளுக்கு 100 வயது, 200 வயது என்று ஒவ்வொன்றாக யாரும் கோடு எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தக் கோடுகள் எப்படி வருகின்றன? ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய சதைப் படலம், நீரிலிருந்து கிடைக்கும் கால்சியத்தைக் கால்சியம் கார்பனேட்டாக்கி விளிம்பில் படியவைக்கிறது. உணவு கிடைத்து, வெப்பமும் ஒத்துவந்தால் படிவு அகலமாகிறது. குளிரிலோ, உணவில்லாத மாதங்களிலோ, இனப்பெருக்கத்துக்கு உடல் சக்தி செலவாகும்போதோ வளர்ச்சி சுணங்கி ஒரு கோடு விழுகிறது. சில இனங்களில் அன்றாடக் கோடுகள்கூடத் தெரியும். ஓமானில் கிடைத்த சுமார் 7 கோடி ஆண்டுப் பழைய, ரூடிஸ்ட் என்ற அழிந்துபோன சிப்பி வகையின் ஓடு ஒன்றில் அவற்றை எண்ணித்தான், அந்தக் காலத்தில் ஓர் ஆண்டுக்கு 372 நாட்கள், ஒரு நாளுக்குச் சுமார் இருபத்துமூன்றரை மணி நேரம் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். எனக்கு இது இன்றுவரை பிரமிப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்க்டிகா மட்டி தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முதல் சில பத்தாண்டுகளிலேயே முடித்துவிடும். பிறகு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் கூடும். எனவே ஒரே அளவில் இருக்கும் இரண்டு ஓடுகளில் ஒன்றுக்கு 50 வயதும் மற்றதற்கு 200 வயதும் இருக்கலாம். 'இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பிடிக்கலாம்' என்ற விதி, வேகமாக வளரும் இனத்துக்குப் பொருந்தலாம். இதற்கு அந்த விதி மட்டும் எப்படிப் போதும்?

இனத்தைத் தெரிந்துகொண்டாலும் போதாது, இடமும் தெரிய வேண்டும். இதே ஆர்க்டிகா, உப்பு குறைந்த பால்டிக் கடலில் சில பத்தாண்டுகள்தான் வாழ்கிறது. ஒரே பாறையில்கூட, மேலே ஒட்டியிருக்கும் சிப்பிக்கு நீருக்குள் இருக்கும் நேரம் குறைவு. நீர் மூடினால்தான் சாப்பாடு என்பதால் அது கீழே இருப்பதைவிட மெதுவாக வளர்கிறது. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் நன்னீர் முத்துச் சிப்பி, ஸ்பெயினில் சில பத்தாண்டுகளில் ஆயுளை முடித்துக்கொள்ளும். ஸ்வீடனின் வடகோடிக் குளிர்ந்த ஆறுகளிலோ அதே சிப்பி 200 வயதைத் தாண்டும்.

இந்த முத்துச் சிப்பிதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. தாய்ச் சிப்பி லட்சக்கணக்கில் நுண்ணிய இளம் உயிரிகளை நீரில் விடும். அவை சால்மன் அல்லது டிரவுட் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தாக வேண்டும். மீன் கிடைக்காதவை எல்லாம் சாகும். ஒட்டிய சிலவும் பிறகு உதிர்ந்து, ஆற்றடிக் கூழாங்கற்களுக்கிடையே புதைந்து ஐந்து வருடம் போல வளர வேண்டும். கற்களின் இடுக்கில் ஆக்ஸிஜன் உள்ள நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது நடக்கும். வயலிலிருந்தும், காட்டை வெட்டிய நிலத்திலிருந்தும் வரும் மெல்லிய வண்டல் அந்த இடுக்கை அடைத்துவிட்டால் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். மேலே நிற்கும் பெரிய சிப்பிக்கு எதுவும் ஆகாது. அது பாட்டுக்கு இன்னும் 50 வருடம் நீரை வடிகட்டிக்கொண்டிருக்கும்.

விளைவு என்ன? ஐரோப்பாவின் பல ஆறுகளில் இன்றும் சிப்பிகள் இருக்கின்றன, இளையவை மட்டும் இல்லை. எட்டிப் பார்ப்பவருக்கு ஆறு செழிப்பாகத் தெரியும். உண்மையில் அங்கே ஒரு தலைமுறை பிழைக்கவே இல்லை. நீண்ட ஆயுள் இந்தச் சாவை மறைத்துவிடுகிறது.

கடலிலும் இதே கதைதான். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில், சிப்பிக் குஞ்சு உற்பத்தி நிலையங்களில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆழத்திலிருந்து மேலெழும் கரியமில வாயு மிகுந்த நீர்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. பிறந்த இரண்டு நாளுக்குள் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டிய உயிர் அது, கையிருப்போ முட்டையிலிருந்து வந்த சொற்பச் சக்தி. நீரில் அமிலத்தன்மை ஏறினால் அதே ஓட்டைக் கட்ட அதிகச் சக்தி செலவாகும். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு (இந்த எண் குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. 0.1 என்பது சிறிய எண்தான், ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிட்டன.

ஓடு தடிமனாக இருந்தால் நல்லது என்பாரும் உண்டு. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் 1970-களின் இறுதியில் சிப்பி ஓடுகள் விகாரமாகத் தடித்தன, குஞ்சுகளும் பிழைக்கவில்லை. படகுகளின் அடியில் பூசிய, டிரைபியூட்டைல்டின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த வண்ணப்பூச்சுதான் காரணம். 1982-ல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தார்கள், அப்புறம் விரிகுடா மீண்டது. காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினால் பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே சிப்பிக் கணக்கெடுப்பு என்று யார் அறிக்கை கொடுத்தாலும், மொத்த எண்ணிக்கையோடு திருப்தி அடையாமல், அதில் பத்து வயதுக்கு உட்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். அந்த வரி அறிக்கையில் இல்லையென்றால் அது பாதிக் கணக்குதான். பிடிக்கும் அளவை நிர்ணயிக்கும்போது அந்த இடத்தில் அந்த இனம் எந்த வயதில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முத்துச் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து ஆற்றில் விடும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன, அவற்றை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வண்டல் வரும் வழியை அடைக்காமல் குஞ்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால், அங்கே பிறக்கும் அடுத்த தலைமுறையும் அதே கற்களுக்கிடையில்தான் மூச்சுமுட்டிச் சாகும்.