சுலோச்சன முதலியார் பாலத்து ஆர்ச் அலங்காரம் இல்லை

அண்ணாச்சி, திருநெல்வேலி வண்ணார்பேட்டை சுலோச்சன முதலியார் பாலத்துப் படத்துக்குக் கீழே, "ஆர்க், ஆர்ச் ரெண்டும் ஒண்ணுதான், வளைவு அழகுக்கு, பாரத்தைத் தாங்குறது தூண்" என்று எழுதியிருக்கீங்க. பிள்ளைகளும் படிக்கும் இடம், இதை அப்படியே விட மனசு ஒப்பவில்லை.

ஆர்க் என்பது காம்பஸ் வைத்துப் போடும் வட்டக் கோட்டின் ஒரு பகுதி. ஆர்ச் என்பது கட்டுமானம். அது வட்டத்தின் பகுதியாகத்தான் இருக்கணும் என்றுகூட இல்லை. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் கிடைக்கும் வடிவமே ஆர்ச்சுக்கு ஏற்றது என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675-இல், எழுத்துகளை இடம் மாற்றிப் போட்ட புதிராக வெளியிட்டார்.

தூண் விஷயம்தான் முக்கியம். நெல்லையப்பர் கோயில் மண்டபத்தில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கம்? கல் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். படுக்கைவாட்டில் கிடக்கும் உத்திரக்கல்லில் பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபடும்; அதனால் நீளத்தைக் கூட்ட முடியாது. ஆர்ச்சில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. மேலே பஸ் ஏறினால் அந்த நெருக்கம் இன்னும் கூடும். பாரம் வளைவு வழியாகவே இறங்கும். இறங்கும்போது பக்கவாட்டிலும் தள்ளும். அடுத்தடுத்த ஆர்ச்சுகளின் தள்ளல் நடுத்தூணில் எதிரெதிராக மோதிச் சமப்படும். ஓரத்து ஆர்ச்சின் தள்ளலை வாங்கத்தான் இரு கரையிலும் கனத்த கட்டுமானம் வேணும். வளைவு இல்லாமல் வெறும் தூண் அவ்வளவு இடைவெளியைத் தாண்டாது.

வளைவு அழகுக்கு என்று நீங்க சொன்னது ஊர் எல்லையில் நிற்கும் கான்கிரீட் வளைவுகள் பலவற்றுக்குப் பொருந்தும். அங்கே இழுவிசையைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பி.