அல்மாஊன்: வேகமாக ஓதிக் கடந்துவிடுகிற ஏழு வசனங்கள்

தொழுகையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் நம்மில் பலரும் போய் நிற்பது குர்ஆனின் கடைசியில் இருக்கும் சின்ன சூராக்களிடம், அதாவது சிறிய அத்தியாயங்களிடம்தான். அதில் ஒன்று 107ஆவது சூரா அல்மாஊன். ஏழே வசனங்கள், நாக்கு தானாக ஓதிவிடும், மனம் அப்போது வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்களைக் கண்டிக்கிற சூராவையே அலட்சியமாக ஓதுகிறோம்!

தொடக்கமே கேள்விதான். தீர்ப்பு நாளைப் பொய்யாக்குகிறவனை நீர் பார்த்தீரா? இதை நம்மிடம் கேட்டால் இறைவனை மறுப்பவன், மறுமையைக் கேலி செய்பவன் என்று கொள்கையை வைத்துத்தான் பதில் சொல்லியிருப்போம். அல்லாஹ்வோ அநாதையை விரட்டுகிறவனைக் காட்டுகிறான். அடுத்து ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனை. கவனியுங்கள், உணவளிக்காதவன் என்றுகூட இல்லை, தூண்டாதவன். அதனால் 'என்னிடமே ஒன்றும் இல்லை, நான் எங்கே கொடுப்பது' என்று யாரும் நழுவ முடியாது. இருப்பவனிடம் போய் எடுத்துச் சொல்ல வாய் இருக்கிறதல்லவா? இதே குற்றச்சாட்டு அல்ஹாக்கா, அல்ஃபஜ்ர் என்ற சூராக்களிலும் வருகிறது. தந்தையின் முகத்தையே பார்க்காமல் பிறந்து, ஆறு வயதில் தாயையும் இழந்த நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய வேதத்தில் அநாதை இத்தனை முறை பேசப்படுவதில் ஆச்சரியம் என்ன.

இந்த வசனங்கள் யாரைப் பற்றி இறங்கின என்று தஃப்ஸீர்களில், அதாவது குர்ஆன் விரிவுரை நூல்களில், மக்காவின் பெரும் தலைகள் சிலருடைய பெயர்கள் வரும். நமக்கு அது வசதியாகப் போய்விட்டது. அவர்களைத்தானே சொல்கிறான், நம்மை இல்லையே என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் நான்காவது வசனத்தில் அந்தக் கதவும் அடைபடுகிறது. தொழுகையாளிகளுக்குக் கேடுதான் என்கிறான். அதோடு நிறுத்தினால் அர்த்தமே தலைகீழ், அடுத்த வசனத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்: அவர்கள் தங்கள் தொழுகையைப் பற்றி அலட்சியமாக இருப்பவர்கள். எத்தனை ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதோம் என்று உள்ளே மறந்து போவதை இது சொல்லவில்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள், அதற்குத்தான் மறதிக்கு ஈடாகச் செய்யும் ஸஜ்தா ஸஹ்வு என்ற சிரவணக்கம் இருக்கிறதே. நேரத்தைத் தள்ளிப்போட்டு, கடமையே ஒரு பொருட்டில்லை என்று இருப்பதுதான் இங்கே பேச்சு. அப்புறம் ஆறாவது வசனம், பிறர் பார்க்கச் செய்வது. அந்நிஸா சூராவில் நயவஞ்சகர்களைப் பற்றி வரும் வர்ணனையும் இதேதான்: சோம்பலாக நிற்பார்கள், மக்களுக்குக் காட்டுவார்கள். உதவி வாங்குகிறவரின் முகம் தெளிவாகத் தெரிய படம் எடுத்துப் போடுகிறவர்கள் இந்த வசனத்தைக் கொஞ்சம் நிதானமாக ஓதிப் பார்க்கலாம்.

ஏழாவது வசனம் இன்னும் கீழே இறங்கி வருகிறது. மாஊன், அதாவது அற்பமான புழங்கு பொருளைக்கூடத் தர மறுப்பார்கள். வாளி, சமையல் பாத்திரம் போன்றவற்றை இரவல் கொடுப்பதைத்தான் நபியவர்கள் காலத்தில் மாஊன் என்று கருதினோம் என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னது அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. கட்டாய தர்மமான ஜகாத்தைத்தான் இது குறிக்கிறது என்று சொன்ன நபித்தோழர்களும் உண்டு. எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. வாளியைத் தர மனசு வராதவனிடம் ஜகாத்தை எப்படி எதிர்பார்ப்பது?

சரி, உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: 'பார்த்தீர்களா, மனிதனுக்கு உதவினால் போதும், தொழுகை எதற்கு?' என்று. சூரா அப்படிச் சொல்லவே இல்லை. தொழுகையை அலட்சியம் செய்வதும் அநாதையை விரட்டுவதும் இங்கே ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழற்றிவிட இரண்டு தரப்புக்கும் இடமில்லை.

இந்தோனேசியாவில் 1912இல் யோக்யகர்த்தா நகரில் முஹம்மதியா இயக்கத்தைத் தொடங்கிய அஹ்மத் தஹ்லான் பற்றி ஒரு செய்தி அங்கே பிரபலம். மாணவர்களுக்கு இந்த சூராவையே திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தாராம். எங்களுக்குத்தான் மனப்பாடம் ஆகிவிட்டதே, அடுத்ததுக்குப் போகலாமே என்று அவர்கள் கேட்டபோது, அதன்படி செய்துவிட்டீர்களா என்று திருப்பிக் கேட்டு, ஏழைகளையும் அநாதைகளையும் தேடிப் போகச் சொன்னாராம். அந்த இயக்கம் இன்று மருத்துவமனைகள், பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், அநாதை இல்லங்கள் எல்லாம் நடத்துகிறது. நாம் இதே சூராவை வைத்து, அது மக்காவில் இறங்கியதா மதீனாவில் இறங்கியதா என்று மட்டும் மணிக்கணக்கில் வாதம் செய்கிறோம்.