92 லீற்றர்

என் பழைய பஜிரோ ஜீப்பை விற்றுவிட்டேன். 2025 ஆகஸ்ட்டில். இத்தனை நாள் இங்கே எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதினால் வரப்போகும் கேள்விகள்தான். "ஏன் மச்சான் குடுத்தனி?" "எவ்வளவுக்குப் போச்சு?" "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில். உங்களில் மூன்று பேருக்குச் சொன்னேன். மூன்று பேருமே "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொழும்பு நெரிசலில் ஏழரை கிலோமீற்றர். தூரப் பயணத்தில் பத்து. மனம் நல்லாயிருக்கும் நாளில் பத்தரை என்று சொல்வேன்.

1996 மொடல். 4எம்40 எஞ்சின், 2.8 லீற்றர் டீசல், இன்டர்கூலர், ஏழு ஆசனம், 92 லீற்றர் டாங்க். 2011 இல் வாங்கினேன். டேஷ்போர்ட்டின் நடுவே மூன்று வட்ட மீற்றர்கள் இருக்கும். அதில் ஒன்று வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது என்று காட்டுவது. என் மகன் சின்ன வயதில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவான். காலி வீதியில் அது அசையவே அசையாது. "அப்பா, இது பழுதா?" என்று கேட்பான். பழுதில்லை மகன், நாங்கள் இருக்கிற இடம் தட்டை.

கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர். பின்சக்கரங்கள் மட்டும், நான்கு சக்கரமும், நான்கையும் பூட்டி, பூட்டியபடி லோ கியரில் என்று நான்கு நிலை. முதல் மூன்றையும் ஓடிக்கொண்டே மாற்றலாம். கடைசிக்கு மட்டும் நிறுத்த வேண்டும். மாற்றும்போது மீற்றர் பலகையில் குட்டியாக ஒரு வண்டிப் படத்தில் முன்சக்கரங்களுக்கு விளக்கு எரியும். நாற்பது வயதில் வாங்கிய வண்டி. அந்த விளக்கு எரிவதைப் பார்க்க, தேவையே இல்லாமல், மழை நேரத்து மரீன் டிரைவில் லீவரைத் தள்ளியிருக்கிறேன்.

கொழும்பில் ஃபோர் வீல் எதற்கு என்று கேட்பவர்களிடம் பதினான்கு வருடம் சண்டை பிடித்தேன். இப்போது விற்ற பிறகு நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லோ கியர் உண்மையாகவே தேவைப்பட்ட நாட்கள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. மலைநாட்டில் ஒரு தோட்டத்துப் பாதை, மழையோடு. மன்னார்க் கடற்கரையில் என் முட்டாள்தனத்தால் புதைந்த ஒரு பின்னேரம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைக்குச் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோன மூன்று நாட்கள். அப்புறம் அப்பாவோடு போன அந்த முதல் பயணம்.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பூநகரியோடு இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலத்தை 2011 ஜனவரியில் திறந்தார்கள். அந்த வருடமே அப்பாவை ஏற்றிக்கொண்டு மன்னார், பூநகரி வழியாகச் சாவகச்சேரிக்குப் போனேன். ஏ9 பெருவீதியால் போயிருக்கலாம். அப்பாதான் இந்த வழியால் போவோம் என்றார். அப்போது அந்த வீதியில் தாருக்கு இடையே கிரவலா கிரவலுக்கு இடையே தாரா என்று சொல்ல முடியாத நிலை. பல இடங்களில் மாரி நீர் குறுக்கே நின்றது. அப்பா முன்சீட்டில் இருந்து டேஷ்போர்ட்டில் உள்ள பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மகன் பின்னாலிருந்து "இப்ப அசையுது, இப்ப அசையுது" என்று கத்திக்கொண்டு வந்தான். பாலத்தில் ஏறியதும் அப்பா நிறுத்தச் சொன்னார். பாலம் வரமுன், அந்தத் துறையில் 'பாதை' என்ற மிதவைப் படகு ஓடிய காலத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடந்தவர் அவர். இறங்கி, கைப்பிடிச் சுவரில் கையை வைத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வந்து ஏறி, கதவைச் சாத்தி, "நல்ல வாகனம்" என்றார். பாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

2017 இல் அப்பா போய்விட்டார். ஆகவே வண்டி விலைக்கு வந்தபோது எனக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு விளங்கும். விளங்காவிட்டாலும் பரவாயில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

என் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். குளிர்பதன அறைகளின் பராமரிப்பு. மீன் ஏற்றுமதி, பால், ஐஸ்கிரீம் என்று எங்கே குளிர் குறைந்தாலும் எனக்கு அழைப்பு வரும். 2019 இலிருந்து எனக்குத் தந்த பகுதி பியகமவும் கட்டுநாயக்கவும். வெள்ளவத்தையிலிருந்து போய்வரச் சராசரியாக நாளுக்கு 70 கிலோமீற்றர். மாதம் 24 நாள். ஆக 1,680 கிலோமீற்றர், ஏழரையால் வகுத்தால் 224 லீற்றர்.

2021 டிசம்பரில் ஓட்டோ டீசல் 121 ரூபாய். அந்த 224 லீற்றருக்கு 27,104. கம்பனி எண்ணெய்ச் செலவென்று மாதம் 25,000 தந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் கையிலிருந்து போகும். அதை நான் செலவாகவே நினைக்கவில்லை. பிடித்த வண்டியில் வேலைக்குப் போவதற்கு அதுகூடக் கொடுக்காமல் எப்படி?

பிறகு 2022, நெருக்கடி வருடம். டீசல் மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதம் 400, ஜூனில் 460. முழு டாங்க் 11,132 ரூபாயிலிருந்து ஆறே மாதத்தில் 42,320 ஆனது. அதுவும் முழு டாங்க் அடிக்க விட்டால்தானே! ஜூனில் இரண்டு இரவு காலி வீதி டீசல் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்தேன். ஒன்று சொல்ல வேண்டும், அந்த வரிசையில் கால் நீட்டிப் படுக்க வசதியுள்ள வாகனம் வைத்திருந்தது நானும் இன்னும் இரண்டு வான்காரரும்தான். முன்னால் நின்ற டீசல் ஓட்டோக்காரர் என் பின்சீட்டில் மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டார். இரண்டாம் நாள் காலை எங்கள் முறை வர ஆறு வாகனம் இருக்கும்போது டீசல் முடிந்தது.

ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. வாரத்துக்கு 20 லீற்றர். என் வண்டிக்கு அது 150 கிலோமீற்றர், அதாவது வேலைக்கு இரண்டு நாள். மிச்ச நாட்களில் கருவிப் பெட்டியோடு பஸ். 2023 செப்டெம்பரில் கியூ.ஆரை எடுத்துவிட்டார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நினைத்தேன். விலை இறங்கவும் செய்தது. ஆனால் இறங்கி நின்ற இடம் 121 இல்லை. 2025 ஜூலையில் 289. அதே 224 லீற்றருக்கு 64,736. கம்பனி 2023 இல் ஒரு தடவை கூட்டி 40,000 ஆக்கியிருந்தது. மாதம் 24,736 ரூபாய் என் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

இந்த எண் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பது சரி. என் மனைவிதான் வீட்டுக் கணக்கு எழுதும் சி.ஆர். கொப்பியில் அதைக் கண்டுபிடித்து, மகனுடைய மாத டியூஷன் கட்டணத்துக்கு நேர் கீழே எழுதி, ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மேசையில் விட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன்.

கம்பனியிடம் கேட்டேன். எரிபொருள் விலை மாதாமாதம் மாறுகிறது, எங்களுக்குத் தருவது மட்டும் ஏன் இரண்டு வருடம் அப்படியே நிற்கிறது என்று. "சின்ன வாகனம் ஒன்று எடுக்கலாமே" என்றார் மேலாளர். எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சம் அல்ல. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம். என் ஆசைக்கு அவர்கள் ஏன் டீசல் அடிக்க வேண்டும்? மற்றப் பாதி அநியாயம்தான். அரசின் விலைச்சூத்திரத்தால் எண்ணெய் விலை ஏறினால் எங்களுக்குத் தரும் எண்ணெய்க் காசும் ஏற வேண்டும். சின்ன வாகனம் வைத்திருக்கும் பொடியன்களும் கையிலிருந்து போட்டுத்தான் ஓடுகிறார்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவன் உட்பட. அதைப் பற்றி எங்கள் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. நானும் பஜிரோக்காரன் என்பதால் எனக்கு வாய் திறக்க உரிமை இருக்கவில்லை. "ஜீப்பில் வந்து எண்ணெய்க் காசு கேட்கிறான்" என்பார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விசயம் இருக்கிறது, சில ஜீப் நண்பர்களுக்குப் பிடிக்காது.

எங்களுடைய இந்த ஜீப் காதல் முழுக்க எங்கள் காசில் ஓடியது இல்லை. 2021 டிசம்பரில் பெற்றோல் 177, டீசல் 121. லீற்றருக்கு 56 ரூபாய் வித்தியாசம். டீசலைக் குறைத்து வைத்தது பஸ்ஸுக்காக, லொறிக்காக, மரக்கறி விலைக்காக, மீன்பிடிப் படகுக்காக. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டப்பட்டு விற்ற அந்த டீசலை அதே பம்பில், பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, நானும் 92 லீற்றர் டாங்க் நிறைய அடித்தேன். என் வண்டியில் மரக்கறியும் இல்லை, மீனும் இல்லை. நான் ஒருவன் ஏசி போட்டுக்கொண்டு பேலியகொடைச் சந்தியில் நின்றேன். எனக்கு அடுத்த லேனில் ஸ்கூட்டரில் போன பிள்ளை என்னைவிட லீற்றருக்கு 56 ரூபாய் கூடக் கொடுத்துப் பெற்றோல் அடித்தது.

டீசல் வாகனத்துக்கு இறக்குமதி வரி கூடக் கட்டினோமே என்று சொல்வீர்கள். கட்டினோம். அதுவும் நான் கட்டவில்லை, எனக்கு முந்தின சொந்தக்காரர் கட்டினார். அதைச் சொல்லி எத்தனை வருடம் மலிவு டீசல் கேட்பது? 2025 ஜூலையில் பெற்றோல் 305, டீசல் 289. வித்தியாசம் 16 ரூபாய். அந்த 56, 16 ஆனதும் என் காதல் நான்கு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வண்டி மாறவில்லை, எஞ்சின் மாறவில்லை. நான் அதன் உண்மையான விலையைக் கொடுக்கத் தொடங்கினேன், அவ்வளவுதான்.

இதைப் பஞ்சிகாவத்தையில் என் வண்டியைப் பார்க்கும் கராஜ் நானாவிடம் சொன்னேன். அவர் ரேடியேட்டருக்குள் டோர்ச் அடித்துக்கொண்டே சொன்னார். "தம்பி, எஞ்சினுக்கு ஒண்டும் இல்ல. இன்னும் பத்து வருசம் ஓடும். ஒங்களுக்குத்தான் ஓடாது."

விற்றது பெரிய கதை இல்லை. மலைநாட்டில் வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் தம்பியோடு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்தார், நான்கு நிலையிலும் லீவரைப் போட்டுப் பார்த்தார், வண்டிக்குக் கீழே படுத்து எழும்பினார். அந்த வருடம் பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டதால் பழைய வண்டிக்கு விலை விழும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். புது வாகனத்துக்குப் போட்டிருந்த வரியைப் பார்த்தால் அப்படி ஒன்றும் விழாது என்று நான் நினைத்தேன், விழவும் இல்லை. விலையைக் கேட்காதீர்கள். போகும்போது அவர், அந்தச் சரிவு காட்டும் மீற்றர் வேலை செய்யுமா என்று கேட்டார். "உங்கட ஊரில செய்யும்" என்றேன்.

இப்போது வெகன் ஆர். 660 சிசி, பெற்றோல், லீற்றருக்கு 17 தருகிறது. மாதம் 99 லீற்றர், ஜூலை விலைக்கு முப்பதாயிரத்துச் சொச்சம். கம்பனி தருவதில் மிச்சம் வருகிறது, அது நேரே சி.ஆர். கொப்பிக்குப் போகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரே வெட்டில் திருப்பலாம். பின்சீட்டை மடித்தால் கருவிப் பெட்டியும் கேஸ் சிலிண்டரும் கொள்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்கப் பஸ்காரர் என்னை இப்போது மனிதனாகவே மதிப்பதில்லை. முன்பு நான் சிக்னல் போட்டால் இடம் விட்டவர்கள், இப்போது ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசிப் போகிறார்கள். நான் அதே ஆள், அதே வீதி. பதினான்கு வருடம் எனக்குக் கிடைத்த அந்த மரியாதையை நல்ல சாரத்தியத்துக்குக் கிடைத்தது என்று நினைத்திருந்தேன்.

"புத்திசாலித்தனமான முடிவு" என்று வாழ்த்த வேண்டாம். ஒரு பிடித்த பொருளைக் காசு போதாமல் விற்றவனை வாழ்த்துகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததே, களனி ஆறு ஏறி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எல்லாம் தண்ணீர். இரவு பத்து மணிக்கு ஒரு தம்பியின் அழைப்பு. 2016 இல் என்னோடு பொதி ஏற்றியவன்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? வாகனத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ, இருநூறு பார்சல் இருக்கு."

"வித்துப்போட்டன் தம்பி."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "எப்ப?"

"ஆகஸ்ட்டில."

"சரி அண்ணை. நான் வேற ஆளைப் பாக்கிறன்."

அவன் வைத்த பிறகு நானே திருப்பி எடுத்தேன். வெகன் ஆரில் ஒரு நடைக்கு அறுபது பார்சல் பிடித்தது. தெமட்டகொடை வரை கொண்டுபோய், தண்ணீர் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரு டிரக்டர் பெட்டியில் கை மாற்றிவிட்டோம். நான்கு நடை. டிரக்டர் தண்ணீருக்குள் இறங்கிப் போனபோது நான் கரையில் நின்றேன். பக்கத்தில் நின்ற பெடியன் ஒருவன் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இன்னும் கொஞ்சம் பின்னால எடுங்கோ, தண்ணி ஏறுது" என்றான்.

எடுத்தேன்.