சஸ்காட்செவன் தர்பூசணி: வெள்ளைச் சதை கலப்படம் அல்ல

"கனடாவின் சஸ்காட்செவன் குளிரில் தர்பூசணி காய்க்காது, உள்ளே வெள்ளையாக இருந்தால் மருந்து போட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

'கிரீம் ஆஃப் சஸ்காட்செவன்' என்றே ஒரு பழைய நாட்டு ரகம் இருக்கிறது. கறுப்பு விதை, வெள்ளைச் சதை; நன்றாகப் பழுத்தாலும் அதே நிறம்தான், இனிப்புக்குக் குறைவில்லை. தோல் ரொம்ப மெல்லிசு, கத்தி பட்டதுமே வெடித்துவிடும். அதனால்தான் தூரத்துக் கடைகளில் இதைப் பார்க்க முடிவதில்லை.

கோடை குறுகியது என்பது உண்மை. அதற்காகத்தான் சுமார் 80 நாளில் பழுக்கும் ரகத்தை வீட்டுக்குள் நாற்று விட்டு, உறைபனி போனபின் ஜூன் தொடக்கத்தில், கறுப்பு பிளாஸ்டிக் விரித்துச் சூடேற்றிய மண்ணில் நடுகிறார்கள். நாள் கணக்கு விதைப் பாக்கெட்டிலேயே இருக்கும். உறைபனித் தேதிகளைக் கனடா சுற்றுச்சூழல் துறையின் பதிவுகளில் பார்க்கலாம்.

சந்தையில் பழம் விற்கும் விவசாயியின் பிழைப்பு இது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.