பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்

பக்கவாதம் வந்து 90 நாள் ஆன ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதற்கு டாக்டர்கள் ஒரு எண் போடுவார்கள். மாடிஃபைட் ராங்கின் ஸ்கேல். 0 என்றால் ஒரு தொந்தரவும் இல்லை, 6 என்றால் இறப்பு. 2 வரைக்கும் பல ஆய்வுகளில் ‘நல்ல பலன்’ கணக்குதான். ஆனால் 2 வாங்கியவருக்கு நாலு பேர் சேர்ந்து பேசினால் எதுவும் பிடிபடாமல் போகலாம், காரணமே இல்லாமல் அழுகை வரலாம். அது அந்த எண்ணில் தெரியாது.

அதற்காகத்தான் நோயாளியே தன் நிலைமையைச் சொல்கிற கேள்வித்தாள்கள் வந்தன. ஸ்ட்ரோக் இம்பாக்ட் ஸ்கேலின் மூன்றாம் பதிப்பில் 59 கேள்விகள். ப்ராமிஸ்-10 பெயருக்கேற்றபடி பத்தே கேள்விதான். நல்ல ஏற்பாடு. ஆனால் பதில் சொல்வது யார்?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, இப்படிக் கேள்வி கேட்க எங்கள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தது அம்மா. “போன ஏழு நாளில் களைப்பு எப்படி இருந்தது?” “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நல்லா சாப்பிடுறார், தூங்குறார்.” பக்கத்து நாற்காலியில் அப்பா கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். வார்த்தை வாய்க்கு வருவதற்குள் அடுத்த கேள்வி போய்விட்டது.

உடன் இருப்பவர்கள் பெரும்பாலும் நிலைமையை நோயாளி சொல்வதைவிட மோசமாகவே சொல்வார்கள் என்கின்றன ஆய்வுகள். எங்கள் வீட்டில் தலைகீழ். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது அப்பாவின் பதில் இல்லையே. நடக்கிறாரா, சட்டை போட்டுக்கொள்கிறாரா என்பதை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். வலி, களைப்பு, மனசு? அவரைத்தான் கேட்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பேச்சு, மொழி பாதிக்கிறது. ‘பதில் சொல்ல இயலவில்லை’ என்று இவர்களை ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவது நன்றாகத் தேறியவர்களின் கணக்கு மட்டும்தான். அப்புறம் சராசரி அழகாக இருக்காமல் என்ன செய்யும்!

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. பக்கத்துக்கு ஒரே கேள்வி, பெரிய எழுத்து, படம், தொட்டுக் காட்டினால் போதும் என்கிற மாதிரி பதில்கள். இடது பக்கத்தை மூளை கவனிக்காமல் விட்டுவிடுகிறவருக்குப் படுக்கைக் கோட்டில் அளவு காட்டச் சொன்னால் கோட்டின் இடது முனையே தெரியாது. செங்குத்தாகப் போட்டுக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருங்கள். முடியவே முடியாதபோது வீட்டாரைக் கேளுங்கள், ஆனால் சொன்னது வீட்டார் என்று தனியாகக் குறித்து வையுங்கள்.

வாங்கிய பதில் கம்ப்யூட்டரோடு நின்றுவிடக் கூடாது, அடுத்த செக்கப்பில் டாக்டர் கண்ணில் பட வேண்டும். களைப்பு ‘மிக அதிகம்’ என்று ஒருவர் காட்டியிருந்தால், பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு “அடுத்த மாசம் வாங்க” என்று அனுப்பக் கூடாது.